அப்பாவின் வாய்க்குக் காவல்

ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் தவக்காலத்தில் நான் இனிப்பை விட்டேன். மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் ஆளுக்கொன்றை விடச் சொன்னபோது மற்றப் பிள்ளைகள் பாகற்காய், வீட்டுப்பாடம் என்று தங்களுக்குத் தோதானதாகப் பார்த்துச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று, பாஸ்காப் பண்டிகை வரைக்கும் நாற்பது நாளும் இனிப்பையே தொடமாட்டேன் என்றேன். சிஸ்டர் எல்லாரையும் கைதட்டச் சொன்னார். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது.

முதல் வாரத்திலேயே கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. உத்தமபாளையம் சாலையிலிருந்த பலகாரக் கடையைத் தாண்டிப் போகப் பயந்து, திராட்சைத் தோட்டத்துக்குள் புகுந்து சுற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். கணக்குப் போடும்போதும் நாக்கில் ஜிலேபி ஊறியது. என் வாயை மறக்க ஒரே வழி அடுத்தவர் வாயைக் கவனிப்பது என்று கண்டுகொண்டேன். அப்படித்தான் அப்பாவுக்குக் காவல் இருக்கத் தொடங்கினேன்.

அப்பா திராட்சை ஏற்றும் மினி லாரி ஓட்டினார். அவருக்குச் சர்க்கரை வியாதி. தேனி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, வாயைக் கட்டச் சொல்லியிருந்தார். அவர் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை என்று பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் அப்பா ஒருவேளைதான் சாப்பிடுவார். "சாமியாரு சொன்னாகள்ல, கேட்டா என்ன?" என்று அம்மா சண்டை பிடிப்பாள். அவர் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துவிடுவார்.

மூன்றாம் வெள்ளி மத்தியானம் அப்பா குளிக்கப் போயிருந்தார். கொடியில் தொங்கிய அவர் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன். நான்கு ஆரஞ்சு மிட்டாய்கள். சர்க்கரைக்காரர், அதுவும் தவக்காலத்தில், அதுவும் வெள்ளிக்கிழமை! ஒன்றை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தேன், அவ்வளவுதான். பிறகு ஓடிப்போய் நான்கையும் வாய்க்காலில் எறிந்தேன். அப்பாவின் ஆத்துமாவையே கரையேற்றிவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை. ஆண்டவர் சிலுவை சுமந்ததை நினைக்கும் பதினான்கு நிலைகள்; ஒவ்வொரு நிலைக்கும் முழங்கால் போட்டு எழ வேண்டும். ஐந்தாம் நிலையிலேயே அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கை நடுங்கியது. சட்டைப்பைக்குள் விரலை விட்டுத் துழாவினார்; வெறும் கையை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி துழாவினார். எட்டாம் நிலையில் சரிந்துவிட்டார். ஆண்டவர் விழுகிற நிலைகூட இல்லை அது.

"சுகரு எறங்கிருச்சு!" என்று அம்மா அலறினாள். யாரோ எதிர்க் கடைக்கு ஓடி ஒரு பாட்டில் கலர் சோடா வாங்கி வந்தார்கள். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிய பிறகு, அப்பா கண்ணைத் திறந்து எங்களை அடையாளம் கண்டுகொண்டார்.

"நான்தேன பையில மிட்டாய் வச்சுவிட்டேன்? கிறுகிறுன்னு வந்தா வாயில போடுங்கன்னு டாக்டரு படிச்சுப் படிச்சுச் சொன்னாகளே! எங்க அது?" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, தெரியவில்லை.

"மத்தியானமே தின்னுபுட்டேன்" என்றார்.

"நாலையுமா? பச்சப்புள்ள கணக்கா! ஒரு பொழுது வாயக் கட்ட முடியலையா ஒங்களுக்கு?" என்று அத்தனை சனத்துக்கு நடுவில் அம்மா திட்டினாள். பின்னால் ரெண்டு பேர் சிரித்தார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அன்று ராத்திரி முழுக்க எனக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. அது அப்பா சொன்ன பொய்தான் என்று முடிவு செய்தேன். மறுநாள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது அதையே சொன்னேன்.

"எங்க அப்பா கோயிலுக்குள்ள வச்சுப் பொய் சொன்னாக, சாமி."

"நீ என்ன செஞ்ச?"

"நான் மூணு வாரமா இனிப்பத் தொடல. அவுக மிட்டாயத் தூக்கிப் போட்டேன். அவுகளத் திருத்தத்தேன்."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், "இன்னைக்கு ஒங்க அப்பா எதக் குடுத்தாலும் மறுக்காம சாப்பிடு. அதுதான் ஒனக்குப் பரிகாரம்" என்றார்.

வீட்டில் இந்தப் பரிகாரத்தைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் அப்பா தானாகவே என்னைப் பைக்கில் ஏற்றி, நான் பயந்து சுற்றிப்போன அதே பலகாரக் கடைக்குக் கூட்டிப் போனார். தனக்குச் சீனி போடாத டீ, எனக்கு ஜிலேபி.

"தின்னு ஆத்தா. மெலிஞ்சு போயிட்ட."

வாயில் வைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வார விரதம் போயிற்றே என்ற அழுகை. அழுதுகொண்டே, "ஏம்ப்பா பொய் சொன்னீக?" என்று கேட்டேன்.

"அது கெடக்கு. ஆறிப்போகும், தின்னு."

டீயைக்கூடக் குடிக்காமல், நான் தின்பதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் ஜிலேபி ஆசை விடவில்லை என்று நினைத்து, நான் இலையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.