படியிறங்கிப் பேசியவர்

மார்த்தாண்டத்தில் நான் பங்கு வாங்கி விற்ற புரோக்கர் ஆபீசுக்குத் தினமும் வருவார் அந்த ரிட்டயர்டு வாத்தியார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, காலருக்குள் கர்சீப். வந்ததும் வாசல் படியில் இறங்கி நின்று, சென்னையில் ஒரு கம்பெனியில் கணக்கு அதிகாரியாக இருந்த மருமகனுக்குப் போன் போடுவார்.

"மாப்பிள, கம்பெனியில புதுசா வல்லதும் உண்டுமா?"

ஒருநாள் அந்தக் கம்பெனிப் பங்குகளை மொத்தமாக விற்றார். "நீ விக்காண்டாம் மக்கா, ஏறும்" என்றார் என்னிடம். மறுநாள் கம்பெனியின் நஷ்டம் வெளியாகி விலை சரிந்தது. பிறகு மாமனார், மருமகன் இருவருக்கும், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் மும்பை அலுவலகத்திலிருந்து நோட்டீஸ்.

"நான் வெளியாளு. அந்தக் கம்பெனி வாசலக்கூட மிதிச்சதில்ல. எனக்கெதுக்கு நோட்டீஸ்?"

"ரகசியத்தக் கேட்டு வித்தா நீங்களும் கூட்டுதான், சார்" என்றார் புரோக்கர்.

மருமகனுக்கு வேலை போயிற்று. "வாய வச்சிட்டு சும்மா இருந்தானா அந்தப் பய" என்று அவனைத்தான் திட்டினார்.

அத்தனை நாள் அந்தப் படியில் நின்று பேசியவர், மகள் சுகமா என்று ஒருநாளும் கேட்டதில்லை.