என் கடிதத்தில் 'க/பெ' எதற்கு?

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி அடைமழைக் காலத்தில், ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் நடந்தது இது.

ராஜபாளையம் பக்கம் எனக்குச் சின்னதாக ஒரு தறிக்கூடம் இருக்கிறது. காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி நெய்கிறோம். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ. லைசென்ஸ், வங்கிக் கணக்கு எல்லாம் என் பெயரில்தான். ஆனால் ஊர் வாயில் அது 'பட்டாளத்துக்காரர் தறி'. சரி, சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டிருந்தேன்.

அப்போது எங்கள் துணி முழுவதையும் வாங்கிக்கொண்டிருந்தது மதுரையில் ஒரு கம்பெனி. ஒருநாள் அங்கிருந்து போன். போன லோடில் இழை நெருக்கம் குறைவாம், அப்படியே திருப்பி அனுப்பப் போகிறார்களாம், இனி ஆர்டரும் கிடையாதாம். ஒவ்வொரு சுருளையும் லென்ஸ் வைத்து நானே பார்த்து அனுப்பினேன் என்றேன். "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா பேசச் சொல்லுங்கம்மா" என்று அந்த அதிகாரி போனை வைத்துவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லோடு திரும்பினால் நூல் கடைக்காரர் அடுத்த நூல் தரமாட்டார். தறி நிற்கும். என்னை நம்பி வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

விஷயம் கேள்விப்பட்டு என் கணவரின் அண்ணன் வந்தார். "நீ சும்மா இரும்மா. நான் ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புதேன். ஆம்பளை கையெழுத்துன்னா அவிய கொஞ்சம் யோசிப்பாக" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் பாவு எது, ஊடை எது என்று அவருக்குத் தெரியாது. "தறி என்னுது, கையெழுத்து உங்களுதா? நானே எழுதிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டேன். ராஜபாளையத்து டைப்பிங் கடைக்காரர்கள் பாதிப் பேர் அவருக்குச் சேக்காளிகள். அதனால்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன்.

கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த டைப்பிங் கடைக்காரி என்னைவிட ஒன்றிரண்டு வயது இளையவளாக இருப்பாள். நாள் முழுக்கக் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்கு மனு அடிப்பவள். நான் சொல்லச் சொல்லப் படபடவென்று அடித்து முடித்துத் திரையைத் திருப்பிக் காட்டினாள். என் பெயர். பக்கத்திலேயே 'க/பெ' போட்டுக் கணவர் பெயர். கடைசியில் 'தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்'. கையெழுத்துப் போடும் இடத்தில் 'மனுதாரர்'!

"ஏம்மா, நான் என்ன ஜாமீனா கேக்குதேன்? இது கம்பெனி லெட்டர். ஆம்பளை லெட்டர் அடிக்க வந்தா அவன் பொண்டாட்டி பேரைப் போடுவியா?"

அவள் சிரித்துவிட்டாள். "கை பழகிப்போச்சுக்கா. பொம்பளை பேரை அடிச்சதும் விரலு தானா அங்க போயிருது." சொல்லிவிட்டு அதையெல்லாம் அழித்தாள். பிறகு, "நான் ஒண்ணு சொன்னா கோவிச்சிக்கிட மாட்டீகளே? நீங்க சொன்னதுல பாதி ஏச்சுல்லா இருக்கு. ஒங்களுக்கு என்ன வேணும், அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

உண்மைதான். 'உங்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்லையா' என்பதுவரை சொல்லி அடிக்க வைத்திருந்தேன். அவள் போட்ட கும்பிடுகளை நான் எடுத்தேன், என் ஏச்சுகளை அவள் எடுத்தாள். மிஞ்சியது அரைப் பக்கம். மேலே தறிக்கூடத்தின் பெயர், முகவரி, தேதி. பொருள் ஒரு வரி. 'பார்வை' என்ற இடத்தில் அவர்களுடைய ஆர்டர் எண். எந்தச் சுருளைச் சோதித்தீர்கள், அந்தத் துண்டையும் சோதனை அறிக்கையையும் அனுப்புங்கள். ஒரு வாரத்துக்குள் வராவிட்டால் லோடை ஏற்றுக்கொண்டதாகவே கொள்வோம். கீழே 'இப்படிக்கு', என் பெயர், அதற்கடியில் 'உரிமையாளர்'. அழுத்திக் கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தேன்.

பயம் இல்லையா என்றால், இருந்தது. தெருவில் லாரிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப் பார்ப்பேன். ஆனால் லோடு வரவில்லை. தபால்தான் வந்தது. லோடை ஏற்றுக்கொண்டார்களாம், அடுத்த ஆர்டரும் தருகிறார்களாம். துணியை அவர்கள் சோதிக்கவே இல்லை, வேறொருவர் விலை குறைத்துக் கொடுத்ததால் எங்களைக் கழற்றிவிடப் பார்த்திருக்கிறார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.

தறிக்கூடமே குதித்தது. நான் மட்டும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயருக்கு முன்னால் 'திரு' போட்டிருந்தது. அதன் கீழே 'ஐயா' என்று ஆரம்பித்திருந்தார்கள். பெண் பெயர் என்று கண்ணுக்குத் தெரிந்தும்!

"அதான் ஜெயிச்சிட்டியேம்மா, பொறவு என்ன? இதுக்குப் போயி வந்த ஆர்டரைக் கெடுத்துக்கிடாத" என்றார் கணவரின் அண்ணன். தறியில் இருந்த பெண்களும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். நான் மறுபடியும் பஸ் ஏறினேன்.

"திரும்பவும் லோடுப் பிரச்சினையாக்கா?" என்றாள் அவள்.

"லோடை ஒத்துக்கிட்டாக. என்னையத்தான் இன்னும் ஒத்துக்கிடல."

'பொருள்: உரிமையாளர் பெண் என்பதைத் தங்கள் பதிவில் திருத்துதல் தொடர்பாக' என்று அவளே அடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே இரண்டே வரிதான் எழுதினோம்.

அடுத்த ஆர்டர் 'திருமதி' என்று என் பெயரோடு வந்தது. 'அம்மையீர்' என்று தொடங்கியிருந்தார்கள். லோடு பிழைத்ததே போதும் என்று அன்று வாயை மூடியிருந்தால், இன்றைக்கும் என் சொந்தத் தறியிலேயே நான் யாருக்கோ வேலை பார்க்கிறவளாகத்தான் இருந்திருப்பேன்.