வாராத மழைக்கு ஒரு அட்டை

பிள்ளைகளே, இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். மூத்தவளுக்குச் சொல்ல வேண்டிய விஷயம்தான். ஆனாலும் தம்பியும் தெரிந்துகொள்ளட்டும். அன்றைக்கு அவனும் வீட்டில்தான் இருந்தான். நான் சொன்ன பொய்யை அவனும் கேட்டான்.

மூத்தவளே, நீ விஸ்காம் மூன்றாம் வருஷம் படித்தபோது, நாலு நிமிஷப் பாட்டுக்கு ஒரு படம் எடுத்து, விசிடியில் போட்டு, கடையில் விற்கிற மாதிரி அட்டையும் செய்து ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னார்கள். படத்துக்குத் தனி மார்க், அட்டைக்குத் தனி மார்க். நீ வந்து சொன்ன அன்றைக்கு எனக்கு ராஜமரியாதை கிடைத்த மாதிரி இருந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். உங்கள் படிப்பில் நான் கைவைக்க எதுவுமே இருந்ததில்லை. அட்டை என்றால் அது என் வேலை. தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகத்தில், ஒரே தாளில் லேபிள்கள் வரிசையாக வருவதற்கு ஃபிலிம் துண்டுகளை வெளிச்ச மேசையில் வைத்து ஒட்டிக் கொடுப்பவன் நான்.

"அட்டை என் பொறுப்பு. நீ படத்த மட்டும் பாரு" என்றேன்.

நீ காலி விசிடி பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தாய். ஸ்கேலை வைத்து அளந்து, பழைய லேபிள் தாளை வெட்டி மடித்து மாதிரி செய்தோம். பாட்டை எழுதிப் பாடப்போகிற பிள்ளையும், கேமராக்காரத் தம்பியும் வந்திருந்தார்கள். பாட்டின் பெயர் 'வாராத மழை'. நம்மூர்க் கண்மாய் வெடிப்புவிட்டுக் கிடந்ததை முந்தின ஞாயிற்றுக்கிழமையே போட்டோ எடுத்து வைத்திருந்தீர்கள். வெடிப்புக்கு நடுவில் உன் ரப்பர் செருப்பு இரண்டும் ஆள் இல்லாமல் கிடக்கும். அதுதான் முகப்பு.

தலைப்பைச் சிவப்பில், மஞ்சள் கரை கட்டி, பெரிதாகப் போடலாம் என்றேன். பெட்டிக்கடையில் இரண்டு முழம் தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும், அதுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

கேமராக்காரத் தம்பி மெல்லச் சொன்னான். "அங்கிள், அப்ப தீப்பெட்டி மாதிரி ஆயிரும்."

"தீப்பெட்டின்னா அவ்வளவு கேவலமாடே? ஒலகத்துல எவன் சட்டைப் பையில உம் பாட்டு இருக்கு? தீப்பெட்டி இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நீ மட்டும் சிரிக்காமல், "எழுத்து சின்னதா, மண்ணு நெறத்துல இருக்கட்டும்பா. தேடிப் பாத்தாத்தான் தெரியணும்" என்றாய். எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் நீ சொன்ன மாதிரியேதான் செய்தேன்.

எங்கள் அச்சகத்தில் தனியாக ஒரு அட்டை அடிக்க வழியில்லை. லேபிள் தாளின் ஓரத்தில் எப்போதாவது ஒரு சாண் இடம் மிஞ்சும். முதலாளியிடம் கேட்டேன். "ஓரந்தானவே, போட்டுக்கிடும்" என்றார். அப்படி இடம் மிஞ்சுகிற தாள் அந்த வாரம் ஒன்றே ஒன்று. அது வியாழக்கிழமை காலையில் மெஷினில் ஏறும். விட்டால் அடுத்தது எப்போது வருமென்று சொல்ல முடியாது. நீங்கள் ஒப்படைக்க வேண்டியதோ அடுத்த திங்கள்கிழமை.

கல்லூரிக் கேமரா உங்கள் கைக்கு வியாழனும் வெள்ளியும் மட்டும்தான். பாடுகிற பிள்ளைக்கு வியாழன் காலையில் ஒரு பரீட்சை. அதனால் வெள்ளிக்கிழமை எடுப்பதாகத் திட்டம். அப்படியென்றால் படம் எடுப்பதற்கு முந்தின நாளே அட்டை அச்சாகிவிடும்.

நீ தயங்கினாய். "படமே எடுக்கல. அதுக்குள்ள அட்டையாப்பா?"

"நாம மழை பெஞ்ச பிறகா விதைக்கோம்? புழுதியில விதச்சிட்டுத்தான நிக்கோம்?" என்றேன். பெரிய ஞாயம் பேசிவிட்டதாக அன்றைக்கு எனக்கு நினைப்பு.

புதூர்ப் பக்கம் நம் நாலு குறுக்கம் நிலத்தில் அப்போது உளுந்தும் கம்பும் புழுதியில் விதைத்து எட்டு நாள் ஆகியிருந்தது. மழை பத்து நாள் தள்ளினால் எறும்பு பாதி, காடை பாதி தின்றுவிடும். விதைத்துவிட்டால் நம்மூரில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கு அது தெரியாது. மழை வரும் என்று வாய்விட்டு யாரும் சொல்லமாட்டார்கள். சொன்னால் வருகிற மழையும் திரும்பிப் போய்விடும் என்று ஒரு பயம். மேகம் கருக்கல் கட்டி நிற்கும்போது கேட்டாலும், "எங்க, ஒண்ணையுங் காணும்" என்றுதான் பதில் வரும். என் அப்பாவும் அப்படித்தான் சொல்வார். எனக்கும் அது நாக்கில் ஒட்டிப்போய்விட்டது.

புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, கண்மாய்க்குள் படம் எடுக்க ஊரில் சொல்லி வைப்பதற்காகக் கேமராக்காரத் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன். கண்மாய் நல்ல வெடிப்பாகத்தான் கிடந்தது. அவன் குனிந்து வெடிப்புக்குள் கைவிட்டுப் பார்த்து, முழங்கை வரை போகிறது என்று சந்தோஷப்பட்டான். நான் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறின. தட்டான்கள் இடுப்புயரத்துக்கு இறங்கிப் பறந்தன. காற்று நின்றுபோயிருந்தது.

நம் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்கார மதினி வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டு நின்றோம். கேமராக்காரத் தம்பி குடித்துவிட்டுச் செம்பைக் கொடுக்கும்போது, யதார்த்தமாகச் சொல்லிவிட்டான். "ஒரு மூணு நாளைக்கு மழை வராம இருந்தாப் போதும் பாட்டி."

மதினிக்கு முகம் மாறிவிட்டது. "எந்த ஊர்ப் பிள்ளவே இது? வெதச்ச காட்டு முன்னால நின்னு என்ன பேச்சு பேசுதான்! ஏலே, அந்தச் செம்புத் தண்ணிய எடு. வாயக் கொப்பளி மொதல்ல."

அவன் பயந்துபோய் நிஜமாகவே கொப்பளித்தான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "கோவிச்சுக்காதீங்க பாட்டி. மழை வருமா வராதான்னு தெரிஞ்சாப் போதும்" என்றான்.

"எங்கன வர? ஒண்ணையுங் காணும். நீ ஒம் படத்தப் பிடி" என்றாள் மதினி. வாய் அப்படிச் சொல்கிறது. கையில் பருத்திமார்க் கட்டு. வாசலில் காய்ந்த விறகை ஒவ்வொரு கட்டாகக் கொட்டாய்க்குள் தூக்கிப் போட்டுக்கொண்டே சொன்னாள். அடுப்பெரிக்கிற எருவாட்டி எல்லாம் ஏற்கெனவே உள்ளே போயிருந்தது. எனக்குப் புரிந்தது. தம்பி தூத்துக்குடிக்காரன், அவனுக்கு எப்படிப் புரியும்? நோட்டை எடுத்து 'மழை இல்லை' என்று எழுதிக்கொண்டான்.

திரும்பும்போது பஸ் ஜன்னலில் வடகிழக்கு மூலையைப் பார்த்தேன். அடிவானத்தில் மின்னிற்று. சத்தமில்லாமல், இரண்டு தடவை.

வீட்டுக்கு வந்தேன். நீ தரையில் காகிதங்களைப் பரப்பி, கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு காட்சியை வரைந்து வைத்திருந்தாய். உன் தம்பி கட்டங்களுக்கு நம்பர் போட்டுக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்தாமலே கேட்டாய்.

"அப்பா, ஊர்ல வானம் எப்படி இருக்கு?"

"எங்க, ஒண்ணையுங் காணும்" என்றேன்.

சொன்ன பிறகு செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றேன். ஒரு வார்த்தை போதும். 'நாளைக்கே எடுத்திருங்க' என்றால் முடிந்தது. பரீட்சை காலையோடு முடிகிறது, மத்தியான பஸ்ஸைப் பிடித்திருப்பீர்கள். நீ ஒரு கட்டத்தைக் காட்டி, "இந்த எடத்துல அவ தரையில காத வச்சுக் கேப்பாப்பா" என்றாய். நல்லாருக்கு என்றேன்.

வியாழன் காலையில் தாள் மெஷினில் ஏறியது. அங்கே மின்னலைப் பார்க்க வேண்டியதே இல்லை. மெஷின்காரர், "ஈரக் காத்து அடிக்குவே. பேப்பர் ஓரம் சுருளுது" என்று கத்தினார். தீப்பெட்டி ஆபீஸ்காரர்களுக்கும் அதே கவலை, குச்சி காயாது. கோவில்பட்டி முழுக்க மழையை வேண்டாம் என்கிறது, பத்துப் பதினைந்து மைல் தள்ளி வேண்டும் என்கிறார்கள். நான் நடுவில் நின்று, சுருள்கிற தாளில் உன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் அட்டையை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் ஏன் என்று கேட்பாய். ஏன் என்று சொன்னால் மழை போய்விடும். இப்படி ஒரு கணக்கு.

சாயங்காலம் மை காயாத தாள் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடியில் போட்டேன். நீ அதன் முன்னால் நின்று, தேடித் தலைப்பைக் கண்டுபிடித்து, "அப்பா!" என்றாய். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் நான் மைக் கையைக் கழுவப் போய்விட்டேன்.

வெள்ளிக்கிழமை முதல் பஸ். நீங்கள் மூன்று பேர், கூட நான். எட்டயபுரம் தாண்டும்போது கண்ணாடியில் ஒரு சொட்டு விழுந்தது. அப்புறம் பத்து. பஸ்ஸே எழுந்து நின்றுவிட்டது. ஒருவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துத் தலையில் தடவிக்கொண்டார். பின்னால் யாரோ விசில் அடித்தார்கள். கண்டக்டர் எங்களிடம் வந்து, "என்ன அண்ணாச்சி, மழையே வந்துட்டு. நீங்க நாலு பேரு மட்டும் எழவு வீட்டுக்குப் போறாப்புல இருக்கிய!" என்றார்.

எனக்குள் ஒரு பக்கம் உளுந்து நனைகிறது, மறு பக்கம் உன் முகம். நீ அழவில்லை. கட்டம் போட்ட காகிதங்களைச் சுருட்டி, பாலிதீன் பைக்குள் வைத்து, பையின் வாயை முடிச்சுப் போட்டாய்.

கண்மாயில் வெடிப்பு எல்லாம் வாயை மூடிக்கொண்டிருந்தது. கால் வைத்தால் கரிசல் கவ்விப் பிடித்தது. நாலு எட்டு வைப்பதற்குள் ஒவ்வொரு செருப்பும் செங்கல் கனம். முகப்பில் கிடந்த அதே செருப்பில் ஒன்று உன் காலை விட்டுப் போயே போய்விட்டது. கேமராவுக்கு நான் குடை பிடித்தேன். மதினி சாக்கைக் கொங்காணியாகத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து, கேமராக்காரத் தம்பியைப் பார்த்து, "என்னலே முழிக்க? வந்தத எடு" என்றாள். ஊர்ச் சனம் கண்மாய்க்குத் தண்ணீர் வருவதைப் பார்க்க வந்து நின்றது. நீ பாடுகிற பிள்ளையிடம் ஏதோ பேசிவிட்டு, அந்தச் சனத்தையே எடுக்கச் சொன்னாய். கட்டத்தில் இருந்த ஒரு காட்சிகூட அன்றைக்கு எடுக்க முடியவில்லை.

மழை விட்டதும் கரையில் உட்கார்ந்து காலில் அப்பிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டே கேட்டாய். "அப்பா, ஒங்களுக்குக் கொஞ்சங்கூடத் தெரியலையாப்பா?"

"மழைய யாரு கண்டா?" என்றேன்.

நீ தலையாட்டினாய். நம்பிவிட்டாய்.

திங்கள்கிழமை ஒப்படைத்துவிட்டு வந்து, "அட்டைதாம்பா நல்லாருக்குன்னாங்க" என்று சொன்னாய். உங்கள் அம்மா பக்கத்து வீட்டில் எல்லாம் அதைச் சொன்னாள். ஒரு வாரம் கழித்துப் பாடுகிற பிள்ளையைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். வாய் தவறிச் சொல்லிவிட்டது. "படத்துக்கு நல்ல மார்க் அங்கிள். அட்டையிலதான் போயிட்டு." உள்ளே இவ்வளவு மழை பெய்கிறது, மேலே வாராத மழையா என்று கேட்டார்களாம். படம் எடுப்பதற்கு முன்னால் அட்டை அடிக்கச் சொன்னது யார் என்றும் கேட்டார்களாம்.

"அவ எந்திருச்சு, நாந்தான் சார்னு சொல்லிட்டா."

அந்த வருஷம் உளுந்து நன்றாக விளைந்தது. வீட்டுக்கு மூட்டை வந்தபோது, நீ ஒரு கை அள்ளிப் பார்த்து, "அன்னைக்குப் பெஞ்ச மழைதான?" என்று கேட்டுச் சிரித்தாய். நான் மூட்டையைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

வழக்கத்துக்குப் பயந்துதான் சொல்லாமல் இருந்தேனா, உன் படத்தைவிட உளுந்து பெரிதாகத் தோன்றியதா என்று பல தடவை யோசித்துவிட்டேன். எது என்று இன்றைக்கும் அறுதியிட்டுச் சொல்ல வரவில்லை. நீ இரண்டாவது தடவை கேட்டபோது மழை பெய்தே முடிந்திருந்தது. அப்போது எந்த வழக்கமும் என் வாயைக் கட்டியிருக்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அடுத்த வருஷம் நீ வேலைக்கென்று சென்னைக்குப் போய்விட்டாய். புரட்டாசியில் மறுபடி புழுதியில் விதைத்தேன். விதைத்த ஆறாம் நாள் காட்டைப் பார்க்கத் தனியாகப் போயிருந்தேன். மதினி வீட்டில் யாரும் இல்லை. பொழுது சாய்கிற நேரம், வடகிழக்கு மூலையில் மின்னிற்று. வரப்பில் நின்றேன். முதலில் உதடு மட்டும்தான் அசைந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, வெற்றுக் காட்டைப் பார்த்து, உன்னைக் கூப்பிட்டுச் சொல்கிற மாதிரி உரக்கச் சொன்னேன்.

"நாளைக்கு மழை வரும்ட்டி. இன்னைக்கே எடுத்திரு."