முப்பத்தோராவது பாடமும் ஏழு இருபது ரயிலும்

ஏழு இருபது ரயிலின் மூன்றாவது பெட்டியில் ஏறுகிறவர்களுக்கு அவளை ‘டைப்பு அக்கா’ என்றுதான் தெரியும். வயது முப்பத்தாறு. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. மயிரிழை பிசகினாலும் லென்ஸ் உட்காராது. அந்தக் கறார் அவள் விரல்களில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

வீட்டிலிருந்து கடைக்கு ஐம்பத்திரண்டு நிமிடம். திரும்பி வர இன்னொரு ஐம்பத்திரண்டு. மற்றவர்கள் அந்த நேரத்தைத் தூங்கித் தீர்த்தார்கள், அல்லது மாமியார் கதை பேசித் தீர்த்தார்கள். அவளோ உட்கார்ந்த மறு நிமிடம் கடை விரித்துவிடுவாள். மடியில் பை, பைமேல் காய் நறுக்கும் பலகை, பலகைமேல் மூன்றாக மடியும் சின்ன கீபோர்டு. பலகையின் அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டியிருந்தாள், பிரேக் போட்டால் வழுக்காமலிருக்க. கைப்பேசி முன்சீட்டின் முதுகில் ஒரு கொக்கியில் தொங்கும். வலக் காதில் மட்டும் இயர்போன். இடக் காது ஸ்டேஷன் அறிவிப்புக்கு.

“ஏன்க்கா, பலகைதான் இருக்கே, அப்படியே ரெண்டு வெங்காயத்தையும் நறுக்கிட வேண்டியதுதானே?” என்பாள் பக்கத்துச் சீட்டில் வரும் வங்கிக்காரி.

“நறுக்கிடுவேன். கண்ணு கலங்கிச்சுன்னா எழுத்து தெரியாதே.”

எழுதியதெல்லாம் தம்பிக்காக. பிறந்ததிலிருந்தே அவனுக்குக் காது கேட்காது. ஆனால் எந்த மெஷினையும் பிரித்துப் போட்டு, ஒரு திருகு மிச்சமில்லாமல் திரும்பப் பூட்டிவிடுவான். ஏசி, ஃப்ரிட்ஜ் பழுது பார்க்கும் படிப்பில் சேர்ந்தான். பாடமெல்லாம் வீடியோ. வாத்தியார் மூச்சுவிடாமல் பேசினார். திரையில் ஒரு வரி எழுத்து இல்லை.

அவள் பயிற்சி நிலையத்துக்கே போய்க் கேட்டாள். “அதான் வீடியோ போட்டிருக்கோமேம்மா, பார்த்துக்கச் சொல்லுங்க” என்றார் அலுவலகத்தில் இருந்தவர்.

“பார்க்கத்தான் பார்க்கிறான் சார். கேட்கத்தான் முடியல.”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவள் வாதாடவில்லை. மறுநாள் காலை ரயிலிலேயே முதல் பாடத்தைக் கேட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். பேச்சு ஓடும் இடத்துக்குச் சரியாக எழுத்தையும் கீழே ஓடவிடும் செயலி ஒன்றைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டாள். ஒரு பாடத்துக்கு நான்கைந்து பயணங்கள் பிடித்தன. போகப்போக ரயிலே அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்தது. சுரங்கப்பாதைக்குள் நெட்வொர்க் செத்துவிடும், அதற்குமுன் அனுப்பிவிட வேண்டும். மூன்றாவது ஸ்டேஷனுக்கு முன்னால் தண்டவாளம் பிரியும் இடத்தில் பெட்டி உதறும். அங்கே மட்டும் இரண்டு கையையும் தூக்கிக்கொள்வாள், இல்லாவிட்டால் எழுத்துக்கு எழுத்து இரட்டையாக விழும். பார்க்கிறவர்களுக்கு அவள் சாமி கும்பிடுகிறாளோ என்று தோன்றும்.

ஐந்து மாதத்தில் முப்பது பாடங்கள். கடைசிப் பாடமான முப்பத்தொன்றை ஒரு புதன்கிழமை காலை சுரங்கப்பாதைக்கு முன்பே அனுப்பி முடித்தபோது, மலையைப் புரட்டிய மாதிரி இருந்தது. திங்கட்கிழமை தம்பிக்குச் செய்முறைத் தேர்வு. நான்கு கம்ப்ரெசர்களை வரிசையாக ஓடவிடுவார்கள். எது நல்லது, மற்ற மூன்றுக்கும் என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். அதில் தவறினால் சான்றிதழ் இல்லை. முப்பத்தோராவது பாடம் முழுக்க அதுதான்.

மத்தியானம் கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தம்பியிடமிருந்து செய்தி வந்தது.

“அக்கா, சத்தம், சத்தம், சத்தம், சத்தம்னு நாலு தடவை போட்டிருக்க. நாலும் ஒண்ணா?”

“இல்லடா. நாலும் வேற வேற.”

“அப்ப எனக்கு மட்டும் ஏன் ஒண்ணா இருக்கு?”

அவள் டப்பாவை மூடினாள். வாத்தியார் “இந்தச் சத்தத்தைக் கவனிங்க” என்று நான்கு மெஷினையும் ஓடவிட்டிருந்தார். அவளும் கவனமாகக் கேட்டுவிட்டு, அடைப்புக்குறிக்குள் ‘சத்தம்’ என்று நான்கு முறை போட்டு, சுத்தமான வேலை என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருந்தாள். காது கேட்கிறவளுக்குத்தான் அது பாடம். அன்று மத்தியானம் ஒரு லென்ஸைக் கூடுதலாகத் தேய்த்துக் கெடுத்தாள். பத்து வருடத்தில் அது மூன்றாவதோ நான்காவதோ.

சாயங்கால ரயிலில் ‘கடகட’ என்று எழுதினாள், அழித்தாள். ‘உர்ர்’ என்று எழுதினாள், அதையும் அழித்தாள். ஒரு சத்தமும் கேட்டிராதவனுக்குக் கடகடவும் உர்ரும் வெறும் மை. ரயில் தண்டவாளம் பிரியும் இடத்துக்கு வந்தது. பழக்கத்தில் கைகள் தாமாக மேலே போயின. போன கைகளை அவள் அப்படியே பார்த்தாள்.

அவள் காதால் கேட்டா கையைத் தூக்கினாள்? காதில் வாத்தியார் அல்லவா பேசிக்கொண்டிருந்தார்!

மெதுவாக உள்ளங்கையைப் பலகையில் பதித்தாள்; ரயிலின் அதிர்வு கைக்கு ஏறியது. வியாழனும் வெள்ளியும் அவள் ஒரு வரிகூட அடிக்கவில்லை. காதில் அந்த நான்கு சத்தங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டு, கையைப் பலகையில் வைத்தபடி வந்தாள். வங்கிக்காரி கவலையாகி, “என்னக்கா, பலகைக்குக் காய்ச்சலா? தொட்டுத் தொட்டுப் பார்க்கறீங்க?” என்றாள்.

சனிக்கிழமை தம்பியையும் ரயிலேற்றினாள்.

“தம்பியா? வெங்காயம் உரிக்க ஆள் கூட்டிட்டு வந்தாச்சு போல!” என்றாள் வங்கிக்காரி. அக்கா அதைச் சைகையில் சொல்ல, அவன் சிரித்துப் பதில் காட்டினான்.

“உரிக்கிறது அவனாம். அழறது நீங்களாம்” என்றாள் அக்கா.

பலகை இப்போது தம்பியின் மடியில். பாலம் தாண்டி நேர்ப்பாதையில் ரயில் சீராக ஓடும்போது அவன் கையைப் பலகையில் அழுத்தினாள்: இது நல்ல மெஷின். சிக்னலில் நகரப் பார்த்து, ஒரு குலுங்கு குலுங்கி மறுபடி நின்றபோது: இது ஸ்டார்ட் ஆக முடியாமல் திணறுவது. தண்டவாளம் பிரியும் இடத்தில்: இது நட்டு தளர்ந்து ஆடுவது. கடைசி ஸ்டேஷனில் பிரேக் அரைத்துக்கொண்டு நிற்கும்போது: இது உள்ளே பேரிங் தேய்ந்தது.

தம்பி தலையாட்டினான். பிறகு உதட்டைப் பிதுக்கினான். கடைசி இரண்டும் அவனுக்கு ஒன்றாகவே இருந்தன. இறங்கும்போது அவள் முகம் சுருங்கிப்போயிற்று. அவன் பலகையைத் தரவில்லை. “நீ கடைக்குப் போ” என்று காட்டினான்.

சாயங்காலம் அவள் மூன்றாவது பெட்டியில் ஏறினால், காலையில் விட்ட அதே சீட்டில் அதே பலகையோடு உட்கார்ந்திருந்தான். நாள் முழுக்கப் போவதும் வருவதுமாக இருந்திருக்கிறான். கண்கள் குழிவிழுந்திருந்தன, முகம் மட்டும் பளிச்சென்றிருந்தது. “எழுதிக்கோ” என்றான் கையால். நட்டு ஆடுவது பக்கவாட்டில் விரல் நுனிக்குத்தான் வரும். பேரிங் தேய்ந்தது உள்ளங்கைக்கு அடியிலிருந்து மணிக்கட்டுக்கு ஏறும். அவன் காட்டக் காட்ட அவள் அடித்தாள். நான்கு ‘சத்தம்’ இருந்த இடத்தில் நான்கு வாக்கியங்கள் உட்கார்ந்தன.

திங்கட்கிழமை கடையில் கைப்பேசி ஊமையாகக் கிடந்தது. சாயங்கால ரயிலிலும் ஒன்றுமில்லை. எழுதப் பாடமும் இல்லாததால், வெறும் பலகையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரயில் சுரங்கப்பாதையை விட்டு வெளியே வந்ததும் கைப்பேசி துள்ளியது.

“நாலும் சரி! மூணாவது மெஷின்லதான் தடுமாறிட்டேன். கண்ணை மூடி ஒரு தடவை ரயில்ல போயிட்டு வந்தேன். வாத்தியார் எப்படிடா கண்டுபிடிச்சன்னு பேப்பர்ல எழுதிக் கேட்டார். பலகையைக் கேளுங்கன்னு எழுதிட்டேன். அவருக்குப் புரியல.”

அவள் கீபோர்டைப் பிரித்துப் பதில் அடித்தாள். பெட்டி உதறியது. கையைத் தூக்க வேண்டும் என்று அன்று அவளுக்குத் தோன்றவே இல்லை. எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாக விழுந்தது. திருத்தாமல், அப்படியே அனுப்பினாள்.

உடனே பதில் வந்தது: “தண்டவாளம் பிரியற இடத்துல வர்றியா? சரி, இன்னும் மூணு ஸ்டேஷன்தான். டீ போட்டு வைக்கிறேன்.”