போக மட்டும் எடுத்த டிக்கெட்

ஓல்னே நகரில் இருக்கும் என் மச்சாள், கணவரின் தங்கை, பனிச்சறுக்குப் படங்களை ஸ்டேட்டசில் போட்ட நாளிலிருந்து, லாச்சப்பல் கடைத்தெருவில் புடவைக் கடையில் வேலை செய்யும் எனக்கு நிம்மதி போய்விட்டது. மலை ரயிலில் ஏறிப் போய், உச்சியிலிருந்து சறுக்கியே இறங்கினாளாம். கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அவளைப் பற்றியே பேசினார்கள்.

இந்தக் குளிர்காலம் கணவரை இழுத்துக்கொண்டு அதே மலைக்குப் போனேன். டிக்கெட் எடுக்கும் இடத்தில் அவர், "ரெண்டு பேருக்கும் ரிட்டர்ன் எடுப்பம்" என்றார்.

"உங்கட தங்கச்சி சறுக்கி இறங்குவா, நான் ரயிலில இறங்கிறதோ? எனக்குப் போக மட்டும் எடுங்கோ."

உச்சியில் வாடகைச் சறுக்குப் பலகைகளை மாட்டிக்கொண்டு, ஜாக்கெட்டைத் திறந்து தாலிக்கொடியை வெளியே எடுத்துவிட்டேன். படத்தில் தெரிய வேண்டுமே! அவர் போனை நீட்டுவதற்குள் பலகைகள் கிளம்பிவிட்டன. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. கத்திக்கொண்டே போய் ஒரு தடுப்பு வலையில் சிக்கினேன். வலைக்கு அப்பால் பெரும் பள்ளம்.

மீட்புப் பணியாளர்கள்தான் என்னைத் தூக்கிக் கீழே போகும் ரயிலில் ஏற்றினார்கள். பக்கத்தில் உட்கார்ந்த கணவர் சொன்னார்: "அவள் மூண்டு வருசமாச் சறுக்கப் பழகினவள். விழுந்து கை முறிஞ்ச படத்தை அவள் போடேல்லை."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"சொன்னா கேட்டிருப்பியே?"

இப்போது எந்த மலைக்கும் ரிட்டர்ன் டிக்கெட்டோடுதான் ஏறுகிறேன். அடுத்த குளிர்காலத்துக்குத் தொடக்கநிலை வகுப்பிலும் பெயர் கொடுத்துவிட்டேன். மச்சாளுக்கு மட்டும் சொல்லவில்லை. அவளும் ஸ்டேட்டசில் பார்த்தே தெரிந்துகொள்ளட்டும்.