வைட்ஃபீல்ட் திரையில் என் கடை ப்ளவுஸ்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கோபம் இன்னும் அடங்கவில்லை. நடுவில் குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்ற மாதம் இரண்டாவது சனிக்கிழமை கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூரு வைட்ஃபீல்டுக்கு ஒரு நாள் போய் வந்தேன். ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. 'சிறுதொழில் செய்பவர்களுக்கான மார்க்கெட்டிங் பயிற்சி' என்று போனில் வந்த விளம்பரத்தை நம்பிப் போனேன்.

தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையில் பதினோரு வருடமாக ப்ளவுஸ் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். இந்த வருடம் நேர் எதிரில் கண்ணாடிக் கதவு போட்ட ரெடிமேட் ஷோரூம் ஒன்று வந்தது. என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். துணி ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க இருபதாயிரம் சேர்த்து வைத்திருந்தேன். ஆளே வராத கடைக்கு மெஷின் எதற்கு? அந்தப் பணத்தை விளம்பரத்தில் போட்டால் கடை பிழைக்குமா என்று தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினேன். பயிற்சிக் கட்டணம் 1,500 ரூபாய். பதிவு செய்யும்போது பொருளின் படங்கள் மூன்றும், 'உங்கள் கடையில் என்ன விசேஷம்' என்பதற்கு இரண்டு வரி பதிலும் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். அனுப்பினேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உரிகம் ஸ்டேஷனில் காலை 6.25-க்கு ரயில் ஏறினேன். டிக்கெட் முப்பது ரூபாய், தூரம் ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். முன்பதிவில்லாத பெட்டிதான். ஆனாலும் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அவரவர் இடம் உண்டு. தெரியாமல் உட்கார்ந்தால் பங்காருப்பேட்டை வருவதற்குள் எழுப்பிவிடுவார்கள். கதவோரத்தில் நின்றுவிட்டால் வம்பில்லை. 8.10-க்கு வைட்ஃபீல்டில் இறங்கினேன்.

பயிற்சி நடந்த ஹோட்டல் அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். ஆட்டோக்காரர் மீட்டர் பக்கமே திரும்பவில்லை.

"டூ ஃபிஃப்டி ஆகுது மேடம். டிராஃபிக் பாருங்க."

"ரோட்டுல வண்டியே காணோமேப்பா?"

"அந்த சிக்னல் தாண்டுங்க, அப்புறம் சொல்லுங்க."

அவர் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. சிக்னலைத் தாண்டியதும் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம்.

குளிர் அடிக்கும் ஹாலில் நாற்பது பேர் இருந்தோம். பயிற்சியாளர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு இங்கிலீஷில் பொழிந்தார். நடுநடுவே கன்னடமும் தெளித்தார். உங்கள் கதையைச் சொல்லுங்கள், வாடிக்கையாளர் மனதில் குடியேறுங்கள், இப்படியே இரண்டு மணி நேரம். பொறுக்காமல் கேட்டேன்.

"எதிர்லயே ஷோரூம் வந்துருச்சு சார். நாளைக்குக் காலைல கடையைத் திறந்ததும் நான் என்ன செய்யணும்?"

"சூப்பர் கொஸ்டின் மேடம். தட்ஸ் கவர்டு இன் தி பேக்கேஜ்."

யார் எதைக் கேட்டாலும் இதே பதில்தான். ஒரு வருட பேக்கேஜ் நாற்பதாயிரமாம். அன்று நாலு மணிக்குள் கட்டினால் இருபதாயிரமாம். என் மெஷின் பணத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் விலை வைத்தார்களோ என்னவோ!

மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஜோசப். பெங்களூரு மர்பி டவுனில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர். பேக்கேஜ் படிவத்தை நிரப்பியே வைத்திருந்தார்.

"வேற வழி தெரியல சிஸ்டர். ஆன்லைன்ல இல்லன்னா நம்மள யாரு பாக்குறாங்க?"

எனக்கும் அதே பயம்தான். நானும் படிவத்தை வாங்கிப் பெயர் எழுதினேன். போனில் பணம் அனுப்பும் பக்கத்தையும் திறந்து வைத்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு திரையில் 'எங்கள் வெற்றிக் கதை' என்று ஒரு படம் வந்தது. மெரூன் பட்டு ப்ளவுஸ். பெங்களூரு ஜெயநகரில் 'பொட்டிக்' என்று ஒரு பெரிய துணிக்கடையாம், இவர்களிடம் வந்த மூன்றே மாதத்தில் ஆர்டர் மூன்று மடங்காம். கீழே அந்தக் கடைக்கு இவர்கள் 'உருவாக்கித் தந்த' விளம்பர வரி: 'மூன்று நாளில் தைத்துத் தருவோம். அளவு தப்பினால் காசு வாங்காமல் திருத்தித் தருவோம்.'

ப்ளவுஸின் கடைசிக் கொக்கியில் ஒரு நூல் முடிச்சு தொங்கியது. பச்சையும் மஞ்சளும். தைத்த துணிகள் கலந்துவிடாமல் இருக்க வீட்டுக்கு வீடு வேறு நிறத்தில் நான் முடிச்சுப் போடுவேன், கொடுக்கும்போது வெட்டிவிடுவேன். பச்சையும் மஞ்சளும் எங்கள் தெரு ஸ்டெல்லா டீச்சர் வீட்டுக்கு. படம் நான் அனுப்பியது. வரியும் நான் அனுப்பியதுதான், இங்கிலீஷாக்கியிருந்தார்கள், அவ்வளவே. எழப் போனேன்.

அதற்குள் முன்வரிசையில் ஓர் அம்மா கையைத் தூக்கி, அந்தக் கடையின் நம்பர் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டார். அளவு தப்பினால் திருத்தித் தருகிற டெய்லரைத்தான் பல வருடமாகத் தேடுகிறாராம். கிளையன்ட் விவரத்தைத் தரக்கூடாது என்றார் பயிற்சியாளர்.

நான் எழுந்தேன். "நம்பர் நான் கொடுக்கறேன்."

அதுவரை இங்கிலீஷும் கன்னடமுமாகவே பேசியவர் என் பக்கத்தில் வந்து மெல்லத் தமிழில் ஆரம்பித்தார். "அக்கா, இது சும்மா மாதிரிக்குப் போட்ட படம். உங்களுக்கு ஃப்ரீ பப்ளிசிட்டிதானே?"

மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்றுதான் தமிழ், அக்கா எல்லாம். இவ்வளவு நேரம் நான் மேடம்! ஹால் முழுக்கக் கேட்கும்படி கன்னடத்திலேயே பதில் சொன்னேன்.

"இது நன்ன அங்கடி ஃபோட்டோ சார். ஜெயநகர் அல்லா, கே.ஜி.எஃப்!"

என் கடைப் படம், ஜெயநகர் இல்லை, தங்கவயல் என்று சொல்லிவிட்டு என் போனில் இருந்த முழுப் படத்தைக் காட்டினேன். என் கடைச் சுவர், கரண்ட் மீட்டர், ஓரத்தில் என் கத்தரிக்கோல், எல்லாம் இருந்தன. போன் கை மாறிக் கை மாறி நாற்பது பேரிடமும் போய் வந்தது. திரும்பி வரும்போது, பணம் அனுப்பத் திறந்திருந்த பக்கத்தை யாரோ மூடியிருந்தார்கள். யாரென்று தெரியவில்லை, நன்றாக இருக்கட்டும். ஜோசப் தன் படிவத்தை நாலாகக் கிழித்துப் போட்டார்.

1,500 ரூபாயைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். இன்றுவரை வரவில்லை. கேட்டால் 'பிராசஸில் இருக்கிறது' என்று பதில் வருகிறது. காசு போனதுகூட ஆறிவிடும். கடை நொடித்துப்போகுமோ என்று பயந்து வருகிறவர்களிடம் அவர்கள் சரக்கையே திருடி அவர்களுக்கே விற்கிறார்களே, அதுதான் ஆறவில்லை.

திரும்பும்போது மெட்ரோவில் வந்தேன். இருபது ரூபாய்கூட ஆகவில்லை, பத்து நிமிடம். காலையில் அந்த ஆட்டோவில் ஏறிய என் புத்தியைத்தான் சொல்ல வேண்டும். கடைசி மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ரயில் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். மாலை ரயிலில் மாலூர் வரை நின்றுதான் வர வேண்டும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி ஒரு பயிற்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். வெற்றிக் கதை காட்டினால் அந்தக் கடையின் நம்பரைக் கேளுங்கள். அங்கேயே போன் போட்டுப் பேசுங்கள். பேசிய பிறகு பணத்தைப் பற்றி யோசிக்கலாம். படம் அனுப்பச் சொன்னால் கடைப் பெயரை அதன் நடுவில் எழுதி அனுப்புங்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். பதினோரு வருடமாக அளவு தப்பினால் காசில்லாமல் திருத்தித் தருகிறேன். அதை ஒரு நாளும் கடை வாசலில் எழுதி வைத்ததில்லை. வருகிறவர்களுக்குத் தெரியும்தானே என்று இருந்துவிட்டேன். வராதவர்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய எழுத்தில் அதைப் பார்த்ததும் முன்பின் தெரியாத ஓர் அம்மா கை தூக்கினாரே, அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

அந்த அம்மா தன் அளவு ப்ளவுஸை ரயிலில் வருகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பிவிட்டார். அவருக்கு நீல முடிச்சு. ஷோரூம் இன்னும் எதிரில்தான் இருக்கிறது. நான் மெஷினை வாங்கிவிட்டேன். திங்கட்கிழமையே பெயின்டரைக் கூப்பிட்டு அந்த இரண்டு வரியையும் போர்டில் எழுத வைத்தேன். கீழே கொஞ்சம் இடம் மிச்சமிருந்தது.

"வேற ஏதாவது எழுதணுமாக்கா?" என்றார்.

"எழுதுங்க," என்றேன். "எங்களுக்கு ஜெயநகரில் கிளை கிடையாது."