கரகரப்பு மைக்கில்தான்

கண்டியில் என் கடைக்கு வரும் சாமான்களில் பாதி பழுதே இல்லாதவை. ப்ளக் சரியாகச் சொருகியிருக்காது, அல்லது சொந்தக்காரருக்குப் பொறுமை இருக்காது. அதனால், வால்வு வைத்த பழைய மைக்கோடு சங்கீத டீச்சர் படியேறி வந்தபோது நான் பெரிதாகப் பரபரக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்காரர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டிலேயே பாட்டுச் சொல்லிக்கொடுத்து, பாடங்களைப் பதிந்து பிள்ளைகளுக்கு அனுப்புகிறவர்.

"பதிஞ்சு கேட்டா கரகரக்குது தம்பி. டொக்டர் தொண்டையில கட்டி எண்டு சொல்லுறார். வெட்டினா குரல் போகவும் கூடுமாம். நீங்கள் முதல்ல மைக்கைப் பாருங்கோ."

டாக்டருக்கு எதிராக என்னைச் சாட்சிக்கு அழைக்கிறார் என்று புரிந்தது. எரிச்சல் வந்தது. ஆனாலும் பிழை மைக்கில்தான் இருக்க வேண்டும் என்று நானும் விரும்பினேன்.

திறந்தேன். இந்த வகை மைக்கின் உயிர், வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய மதிப்புள்ள ரெசிஸ்டரில் இருக்கிறது. அதன் மதிப்பைச் சொல்லும் நிறக் கோடுகளைப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன்: சிவப்பு, கறுப்பு, ஊதா. அப்படியானால் இருநூறு மெகா ஓம். கடைகளில் நூறு உண்டு, இருநூற்றிருபது உண்டு. இருநூறை நான் எங்கும் கண்டதில்லை. மீட்டரை வைத்தேன். இவ்வளவு பெரியதை அளக்க முடியாது என்று அது கைவிரித்துவிட்டது. ரெசிஸ்டரின் ஒரு காலைக் கழற்றி, பற்றரியையும் மீட்டரையும் அதோடு வரிசையாகப் பிணைத்து, மீட்டருக்கு வந்து சேர்ந்த வோல்ட்டைக் கொண்டு கணக்குப் போட்டேன். அறுபது வந்தது. குனிந்து மூச்சுவிட்டால் அதுவும் இறங்கியது.

ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தேன். சிவப்பு பஞ்சுக்கு வந்துவிட்டது. அடியில் இருந்த கோடு மண்ணிறம். அப்படியானால் இது நூறு.

"என்னா டீச்சர், உள்ளுக்கெல்லாமா பொட்டு வப்பாங்க?"

"ஓம் தம்பி, சரஸ்வதி பூசைக்கு. மூடியைக் கழட்டி எல்லாத்துக்கும் சந்தனமும் குங்குமமும் வைச்சனான். வேலை செய்யிறது உள்ளுக்கு இருக்கிறதுகள்தானே?"

வாதத்தில் குறை இல்லை. புசல்லாவையில் எங்கள் வீட்டு கிரைண்டருக்கும் பொட்டு உண்டு. மூடியைக் கழற்றும் அளவுக்கு எங்களுக்குப் பக்தி போதவில்லை, அவ்வளவுதான். கண்டியின் ஈரத்தை உறிஞ்சிய சந்தனத்தின் வழியே மின்சாரம் கசிந்திருக்கிறது. கசிந்தால் கரகரப்பு வரும். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சரோ டாக்டருக்குச் சொல்ல போனையே எடுத்துவிட்டார்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர், பூட்டிப் பாத்திருவோம்."

எல்லாவற்றையும் துடைத்து, ஹேர் டிரையரால் காயவைத்து, மறுபடி அளந்தேன். நூறு. மூச்சுக்கு அசையவில்லை. விரல் படாமல் பூட்டி, ஹெட்போனில் கேட்டேன். இரைச்சல் துளிகூட இல்லை. ரோட்டில் கண்டக்டர் கலகெதர பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது மட்டும் தெளிவாகக் கேட்டது. இன்னொரு ஹெட்போனை டீச்சரிடம் கொடுத்துப் பாடச் சொன்னேன்.

ஒரு வரி பாடினார். மேலே போன இடத்தில் கரகரப்பு இருந்தது. முன்பு மைக்கின் சத்தத்தோடு கலந்திருந்தது, இப்போது தனியாகக் கேட்டது. இதை நான் திருத்தாமலே திருப்பிக் கொடுத்திருக்கலாம் என்று மனது அடித்துக்கொண்டது. டீச்சரின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வராமல் மேசையிலிருந்த திருகாணிகளைப் பொறுக்கினேன்.

"நல்லாத் திருத்தியிருக்கிறியள் தம்பி" என்றார். போனைக் கைப்பைக்குள் வைத்தார். "இப்ப முழுப் பாட்டையும் பாடுறன். பதியுங்கோ."